பூட்டு ஒருவருக்கு, சாவி ஒருவருக்கு

நீங்கள் குடியிருக்கும் தெருவுக்குச் "சமையல் கெட்ட தெரு" என்று யாராவது பெயர் வைத்தால் சும்மா இருப்பீர்களா? ஜெருசலேம் நகரில் வைத்திருந்தார்கள். 850 வருஷங்களுக்கு முன் அங்கே ஆட்சி செய்த பிரெஞ்சுக்காரர்கள் ஒரு கடைத் தெருவை 'மல்கிஸினா' என்று அழைத்தார்கள். கெட்ட சமையல் என்று அர்த்தம். யாத்திரிகர்களுக்குச் சாப்பாடு விற்ற கடைகள் நிறைந்த தெரு அது. பல மாதம் கடலிலும் தரையிலும் அலைந்து, பசியோடு வந்து சேர்ந்து, முதல் கவளத்தை வாயில் போட்டவர்கள் வயிறெரிந்து சூட்டிய பெயராகத்தான் இருக்க வேண்டும். புண்ணிய க்ஷேத்திரத்து ஓட்டல் சாப்பாட்டில் தேசத்துக்குத் தேசம் பேதம் கிடையாது போலிருக்கிறது!

அந்தத் தெருவுக்கு உங்களை அழைத்துக்கொண்டு போகப் போகிறேன். ஒரு நாள் நடைதான். ஆனால் கல் பாவிய வீதிகள், ஏற்ற இறக்கம் அதிகம். குதி உயர்ந்த செருப்பு வேண்டாம். இன்னொரு விஷயம்: அந்த ஊரில் கலவரமும் யுத்தமும் இல்லாத நாளாகப் பார்த்துப் போக வேண்டும். அப்படிப்பட்ட நாள் ஏன் அங்கே அரிதாக இருக்கிறது என்பதும் நடக்க நடக்க ஓரளவு விளங்கும்.

மேற்கே ஜாஃபா வாயில். மதிலுக்கு நடுவே மோட்டார் போகும்படி அகன்ற இடைவெளி ஒன்று இருக்கிறதே, அது 1898-ல் ஜெர்மன் சக்கரவர்த்தி இரண்டாம் வில்லியம் சவாரியாக நுழைவதற்காகத் துருக்கி அதிகாரிகள் திறந்துவிட்ட வழி. 19 வருஷம் கழித்து, 1917 டிசம்பர் 11-ந் தேதி, பிரிட்டிஷ் தளபதி ஆலன்பி இதே வாயிலுக்கு வந்தார். அவர் குதிரையை விட்டு இறங்கி நடந்தே போனார். நாங்கள் கெய்சரைப் போல அல்ல, பணிவுள்ளவர்கள் என்று உலகத்துக்குக் காட்ட வேண்டாமா? அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, இந்தப் படையெடுப்பைச் "சிலுவைப் போர்" என்று எழுதக் கூடாதென்று லண்டனில் பத்திரிகைகளுக்கு ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தார்கள். ஏனென்றால் பிரிட்டிஷ் பட்டாளத்தில் இந்திய முஸ்லிம் சிப்பாய்கள் ஏராளமாக இருந்தார்கள். ஆனால் 'பஞ்ச்' என்ற வேடிக்கைப் பத்திரிகை கேட்கவில்லை. ரிச்சர்டு ராஜா குன்றின் மேலிருந்து ஜெருசலேமைப் பார்த்துப் பூரிப்பதாகப் படம் போட்டு, "கடைசிச் சிலுவைப் போர்" என்று தலைப்பும் கொடுத்துவிட்டது. பத்திரிகைக்காரர்கள் சுபாவமே அப்படி. எங்களைச் சொல்லவில்லை!

சிலுவைப் போர் என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்தில் படித்தது மறந்திருக்கலாம். 1095-ம் வருஷம் பிரான்ஸ் தேசத்தில் கிளெர்மோன் என்ற ஊரில் போப் இரண்டாம் அர்பன் ஒரு பிரசங்கம் செய்தார். ஏசுநாதரின் கல்லறை முஸ்லிம் அரசர்கள் வசம் இருக்கிறது, போய் மீட்டு வாருங்கள் என்றார். உடையில் சிலுவை தைத்துக்கொண்டு பிரபுக்களும் ஏழைகளும் கிளம்பினார்கள். 1099 ஜூலை 15-ந் தேதி ஜெருசலேம் அவர்கள் கையில் விழுந்தது. 88 வருஷம் வைத்திருந்தார்கள். 1187-ல் சுல்தான் சலாவுதீன் திரும்பப் பிடித்தார். அதற்கப்புறமும் 1291 வரை படை மேல் படையாக வந்துகொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் சரித்திரம். ஆனால் இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சரித்திரம் அவ்வளவோடு நிற்காது.

ஜாஃபா வாயிலிலிருந்து படிப்படியாகக் கீழே இறங்கினால் இருட்டான மூன்று கடைத் தெருக்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. மேலே கல் வளைவு. ஒன்றில் இறைச்சி, ஒன்றில் மசாலா, ஒன்றில் துணிமணி. ஏலமும் மஞ்சளும் சீரகமும் வாசனை தூக்கும்போது நமக்கு ஊர் ஞாபகம் வந்துவிடுகிறது. இந்த மூன்றில் ஒன்றுதான் நான் சொன்ன சமையல் கெட்ட தெரு. இப்போது அந்தப் பெயர் இல்லை. தைரியமாக வாங்கிச் சாப்பிடலாம்.

இந்தக் கடை வீதிகளை 1152-ம் வருஷ வாக்கில் கட்டியவள் ஒரு பெண் என்கிறார்கள். மெலிஸாந்து ராணி. தகப்பனார் சிலுவைப் போர் வீரர். தாயார் ஆர்மீனியப் பெண். பிறந்தது கிழக்கே, ஐரோப்பாவைக் கண்ணால் கண்டதில்லை. ராஜ்யத்தைத் திறமையாக ஆண்டாள். கடைசியில் பெற்ற பிள்ளையே சண்டை போட்டு அதிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டான். கடைத் தூண்களில் சில இடங்களில் லத்தீன் எழுத்து வெட்டியிருக்கிறது. "அன்னம்மாள் கோயிலுக்குச் சொந்தம்" என்பதற்கு அடையாளம். வாடகை அந்தக் கோயிலுக்குப் போயிற்று. அந்தக் கோயிலையும் இந்த ராணியையும் பிறகு சந்திக்கப் போகிறோம்.

கடை வீதியிலிருந்து இரண்டு திருப்பம். ஒரு சிறிய முற்றம். எதிரே ஏசுநாதரின் கல்லறைக் கோயில். உலகத்துக் கிறிஸ்தவர்களுக்கெல்லாம் தலைமையான கோயில் என்று நினைத்து வருகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். வாசல் இரண்டு, அதில் வலது பக்கத்து வாசலைக் கல் வைத்து அடைத்திருக்கிறது. சலாவுதீன் காலத்தில் அடைத்ததாம். மேல் மாடி ஜன்னலடியில் ஒரு மர ஏணி அனாதையாகச் சாய்ந்து கிடக்கிறது. 1728-ல் வரைந்த படத்திலும் அதே இடத்தில் ஏணி இருக்கிறது. கோயிலைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் கிரேக்கர், ரோமன் கத்தோலிக்கர், ஆர்மீனியர், காப்டிக், சிரியன், எத்தியோப்பியர் என்ற ஆறு பிரிவினரும் சம்மதிக்காமல் எதையும் நகர்த்தக் கூடாதென்று ஏற்பாடு. ஒட்டுக் குடித்தனத்தில் பொதுக் கிணற்றடிக்கு நடக்கும் சண்டை உங்களுக்குத் தெரியுமல்லவா? அதை நூறால் பெருக்கிக்கொள்ளுங்கள். எத்தியோப்பிய சந்நியாசிகள் கோயில் மொட்டை மாடியில் குடிசை போன்ற அறைகளில் குடியிருக்கிறார்கள். அந்த மாடி யாருடையது என்று காப்டிக் சந்நியாசிகளோடு ஓயாத வழக்கு.

இவ்வளவு தகராறுக்கிடையில் வாசல் சாவி யாரிடம் என்று நினைக்கிறீர்கள்? ஆறு பேரில் எவரிடமும் இல்லை. இரண்டு முஸ்லிம் குடும்பங்களிடம்! ஜூதே குடும்பத்தார் சாவியை வைத்திருக்கிறார்கள். நுசைபே குடும்பத்தார் அதை வாங்கிக் கதவைத் திறந்து மூடுகிறார்கள். சாண் நீளத்துக்கும் அதிகமான இரும்புச் சாவி. சலாவுதீன் காலத்திலிருந்து எங்களிடம் என்கிறது ஒரு குடும்பம். அதற்கும் 500 வருஷம் முன்னால் கலீபா உமர் காலத்திலிருந்தே என்கிறது மற்றது. தலைமுறை தலைமுறையாக விடியற்காலையில் வந்து திறக்கிறார்கள். நாம் வந்தது தாமதம். சாயங்காலம் மூடும்போது பார்க்கலாம்.

உள்ளே போவோம். நுழைந்தவுடன் வலது பக்கம் ஆதாம் கோயில் என்ற சிறு அறை. முதல் சிலுவைப் போரின் வீரர் காட்ஃப்ரேயையும் அவர் தம்பி பால்டுவின் ராஜாவையும் அங்கேதான் அடக்கம் செய்திருந்தார்கள். இப்போது அந்தச் சமாதிகள் இல்லை. முஸ்லிம்கள் இடித்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சலாவுதீனும் அவருக்குப் பின் வந்தவர்களும் 600 வருஷத்துக்கு மேல் இருக்கவிட்ட சமாதிகள் அவை! 1808-ல் கோயில் தீப்பிடித்தபின், செப்பனிட்ட கிரேக்கக் கிறிஸ்தவர்கள்தாம் எடுத்துவிட்டார்கள்.

கிரேக்கர்களுக்கு ஏன் இத்தனை கோபம்? சிலுவைப் போர் வீரர்கள் 1099-ல் இந்த ஊரைப் பிடித்ததும் கிரேக்கக் குருமார்களை ஒதுக்கிவிட்டு லத்தீன் குருமார்களை வைத்தார்கள். அதாவது போகட்டும். 1204-ல் நாலாவது சிலுவைப் போர் என்று கிளம்பியவர்கள் ஜெருசலேமுக்கு வரவே இல்லை. கிரேக்கர்களின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளுக்குள் புகுந்து மூன்று நாள் சூறையாடினார்கள். கோயில்களையும் விடவில்லை. அங்கிருந்து எடுத்துப்போன வெண்கலக் குதிரைகள் நான்கும் வெனிஸ் நகரத்தில்தான் இருக்கின்றன. 2001-ம் வருஷம் போப் இரண்டாம் ஜான் பால் ஆதென்ஸ் நகரத்துக்குப் போனபோது இதற்காக வருத்தம் தெரிவித்தார். 797 வருஷம் சென்று! கிறிஸ்தவர்களின் சிலுவைப் போர் என்று நாம் ஒரே பெயராகச் சொல்லுகிறோம். எந்தக் கிறிஸ்தவர் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கீழே ஹெலெனா ராணி கோயிலுக்கு இறங்கும் படிக்கட்டுச் சுவரில் சின்னச் சின்னச் சிலுவைகள் நூற்றுக்கணக்கில் கீறியிருக்கின்றன. யாத்திரிகர்கள் தாங்களே செதுக்கியவை என்று வெகு காலம் நம்பினார்கள். 2021-ல் ஆராய்ச்சியாளர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள்: கை வேலை ஒரே மாதிரி இருப்பதால், யாத்திரிகர்களுக்காகச் சில கல்தச்சர்கள் வெட்டிக் கொடுத்திருக்கலாம். நம் கோயில்களில் "இன்னார் உபயம்" என்று வெட்டிக்கொள்வதில்லையா? ஊரில் நோயாகக் கிடந்த தாயாருக்கு ஒன்று, இறந்துபோன குழந்தைக்கு ஒன்று என்று வெட்டச் சொல்லியிருப்பார்களோ என்னவோ. எனக்கு அந்தச் சுவரைப் பார்த்தபோதுதான், வந்தவர்கள் எல்லோரும் கொள்ளைக்காரர்கள் அல்ல என்று தோன்றியது.

வெளியே வந்து கிழக்கே நடந்தால் மேற்குச் சுவர். யூதர்கள் நெற்றியை வைத்துப் பிரார்த்திக்கும் சுவர். அவர்களுடைய கணக்கில் சிலுவைப் போர் ஜெருசலேமில் தொடங்கவில்லை. மூன்று வருஷம் முன்னதாக, 1096-ல், ஜெர்மனியில் ரைன் நதிக் கரையில் தொடங்கியது. தூர தேசத்து எதிரியைக் கொல்லப் புறப்பட்ட கூட்டத்தில் சிலருக்கு, பக்கத்து வீட்டு யூதனை ஏன் விட்டுவைக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஸ்பேயர், வோர்ம்ஸ், மைன்ஸ் என்ற ஊர்களில் யூதர்களைக் கொன்றார்கள். சில மேற்றிராணியார்கள் காப்பாற்றப் பார்த்தார்கள், முழுதும் முடியவில்லை. கட்டாய ஞானஸ்நானத்துக்கு அஞ்சி, பெற்ற குழந்தைகளைத் தங்கள் கையாலேயே மாய்த்த தாய்மார்களைப் பற்றி யூத ஏடுகள் சொல்லுகின்றன. இதை மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த மடிந்தவர்களுக்காக அந்நாளில் பிறந்த ஒரு பிரார்த்தனையை யூதர்கள் சனிக்கிழமை வழிபாட்டில் இன்றும் சொல்லுகிறார்கள்.

ஜெருசலேமிலும் 1099-ல் ஜெபாலயத்தில் ஒடுங்கியிருந்த யூதர்களைத் தீ வைத்துக் கொன்றதாக ஓர் அரபு ஆசிரியர் எழுதுகிறார். எல்லோரும் மடியவில்லை. மறு வருஷம் கடலோரத்து அஸ்கலான் பட்டணத்திலிருந்து யூதப் பெரியவர்கள் எகிப்துக்கு எழுதிய கடிதம் ஒன்று, கெய்ரோவில் ஒரு ஜெபாலயத்தின் பழங்காகித அறையில் 800 வருஷம் கிடந்து வெளிப்பட்டது. பிடிபட்டவர்களைப் பணம் கொடுத்து மீட்கிறோம், மேலும் பணம் அனுப்புங்கள் என்று கேட்கும் கடிதம். மனிதர்களை மட்டுமல்ல, வேதப் புத்தகங்களையும் விலை கொடுத்து மீட்டார்கள். அப்படி மீண்ட ஒரு சுவடி கெய்ரோ, அலெப்போ என்று சுற்றி, பல ஏடுகளை இழந்து, இப்போது ஜெருசலேம் பொருட்காட்சிச் சாலைக்கே திரும்பி வந்திருக்கிறது. சிலுவைப் போர் அரசர்கள் யூதர்கள் இந்த ஊரில் குடியிருக்கக் கூடாதென்றார்கள். திரும்ப வரலாம் என்றவர் சலாவுதீன். ஆகையால் யூதர்களின் பழைய நினைவில் அவருக்கு நல்ல இடம் உண்டு.

சுவருக்கு மேலே விசாலமான மேடை. பொன் மூடிய கோபுரம் வெயிலில் கண்ணைப் பறிக்கிறது. அது பாறை மேல் எழுந்த மாடம். தெற்கே ஈய நிறக் கூரையோடு இருப்பது அல் அக்ஸா பள்ளிவாசல். உள்ளே முஸ்லிம்களுக்கு மட்டுமே அனுமதி. நாம் முற்றத்தில் சைப்ரஸ் மர நிழலில் நின்றுகொள்வோம். இந்த இடத்தில்தான் 1099-ல் பெரிய கொலை நடந்தது. குதிரைக் கடிவாளம் வரை ரத்தம் வந்ததாகப் பெருமையோடு எழுதினார் உடன் வந்த கிறிஸ்தவக் குரு ஒருவர். அந்த வர்ணனை பைபிளின் கடைசி ஆகமத்தில் உள்ளது. அதை எடுத்துப் போட்டுக்கொண்டார். 100 வருஷத்துக்குப் பின் எழுதிய இப்னு அல் அதீர் என்ற அரபு சரித்திராசிரியர் 70,000 பேர் என்றார். சம்பவத்துக்குச் சில வருஷம் முன்புதான் இங்கே தங்கிப் படித்த ஸ்பெயின் தேசத்து அறிஞர் இப்னு அல் அரபி 3,000 பேர் என்கிறார். வென்றவனும் கூட்டினான், தோற்றவனும் கூட்டினான். 3,000 என்று குறைத்துவிட்டால் மனம் ஆறிவிடுமா?

1187 அக்டோபர் 2-ந் தேதி சலாவுதீன் நுழைந்தபோது அப்படிக் கொலை நடக்கவில்லை. அதுதான் அவருடைய கீர்த்தி. ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5 தினார் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று ஏற்பாடு. கணவன்மார் சிறையில் இருக்க, கதியற்று வந்து அழுத சீமாட்டிகளுக்கு அவர் இரங்கினார் என்று கிறிஸ்தவ ஏடுகளே எழுதுகின்றன. ஆனால் கதையை அங்கேயே நிறுத்தக் கூடாது. பணம் இல்லாத ஏழைகள் 15,000 பேர், அவர்களில் பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும், அடிமைகளாகப் போனார்கள். இதை எழுதியவர் அவருடைய காரியதரிசியேதான். அந்த நேரத்தில் லத்தீன் குருமார் தலைவர் தம் பங்கு 10 தினாரைக் கொடுத்துவிட்டு, கோயில் பொக்கிஷங்களோடு வெளியேறினார். யாரைத் திட்டுவது?

சலாவுதீனின் சமாதி இங்கே இல்லை. வடக்கே டமாஸ்கஸ் நகரில், பெரிய பள்ளிவாசலுக்கு அருகில் இருக்கிறது. அதில் ஒரு விசித்திரம். பெட்டிகள் இரண்டு. மரப்பெட்டி பழையது. பக்கத்தில் உள்ள சலவைக்கல் பெட்டி காலி! ஜாஃபா வாயிலில் பார்த்தோமே, அந்த ஜெர்மன் சக்கரவர்த்தியின் உபயம். அவர் வைத்த வெண்கல மலர் வளையத்தை 1918-ல் லாரன்ஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது லண்டன் யுத்தப் பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது. கல்லூரியில் ஸர் வால்டர் ஸ்காட்டின் நாவல் படித்தவர்களுக்கு ரிச்சர்டும் சலாவுதீனும் இரண்டு உத்தம வீரர்கள். ரிச்சர்டு 1191-ல் ஏக்கர் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான கைதிகளை வெட்டச் சொன்னது அந்த உத்தமச் சித்திரத்தில் அடங்குமா? முஸ்லிம்களிலும் எல்லோருக்கும் சலாவுதீன் ஒன்று அல்ல. எகிப்தில் ஷியா கலீபாக்களின் வம்சத்தை முடித்தவர் என்ற ஆற்றாமை ஷியாக்களில் பலருக்கு உண்டு. அரபுத் தலைவர்கள் அவரைத் தம் முன்னோடி என்றார்கள்; பிறப்பால் அவர் குர்து. "சிலுவைப் போர்" என்ற அரபுப் பெயரே 19-ம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து வந்தது. அந்நாள் அரபு ஆசிரியர்கள் வெறுமே "பரங்கியர்" என்றார்கள். நமக்கும் பழக்கமான வார்த்தைதான்!

வடக்கு வாயிலால் வெளியேறினால் அன்னம்மாள் கோயில். கன்னி மரியின் தாயார் அன்னாள் இங்கே குடியிருந்ததாக நம்பிக்கை. கடை வீதி வாடகை வாங்கிய கோயில் இதுதான். உள்ளே யாராவது மெல்லப் பாடினால் குரல் மேலே போய்ச் சுற்றிச் சுற்றி வருகிறது. இரண்டு நிமிஷம் உட்கார்ந்து கேளுங்கள். வெளியே வரும்போது வாசலுக்கு மேலே பாருங்கள். அரபு எழுத்து! 1192-ல் சலாவுதீன் இதை மதக் கல்விச் சாலையாக மாற்றிய சாசனம். 1856-ல் துருக்கி சுல்தான் பிரெஞ்சு அரசுக்குக் கொடுத்தபின் மறுபடியும் கோயிலாயிற்று. சாசனத்தை யாரும் பெயர்க்கவில்லை.

சிங்க வாயிலைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கினால் மரியம்மையின் கல்லறை. நாற்பதுக்கு மேற்பட்ட படிகள் பூமிக்குள் போகின்றன. எண்ணெய் விளக்குகள், சாம்பிராணி. மேலே இருந்த கோயிலை 1187-க்குப் பிறகு இடித்தார்கள்; கீழே உள்ள கல்லறையைத் தொடவில்லை. மரியம்மை குர்ஆனிலும் பெரியவள். ஓர் அத்தியாயமே அவள் பெயரில் இருக்கிறது. கல்லறைப் பக்கம் மெக்கா திசை காட்டும் மாடம் ஒன்றும் சுவரில் உண்டு. படி இறங்கும்போது வலது கைப் பக்கம் ஒரு சமாதிக் குகை. கடை வீதி கட்டிய மெலிஸாந்து ராணி 1161-ல் இங்கே அடக்கமானாள். அவளைத் தேடி வருபவர்கள் அபூர்வம். நாமாவது ஒரு நிமிஷம் நிற்போம்.

திரும்ப ஊருக்குள் வந்து வடக்கு மதிலோரம் ஏரோது வாயிலருகே போனால் ஒரு கதவு. உள்ளே நம் தேசத்துச் சத்திரம்! சலாவுதீன் ஊரைப் பிடித்த சில வருஷங்களில், 1200 வாக்கில், பஞ்சாபிலிருந்து பாபா ஃபரீத் என்ற சூஃபி ஞானி வந்து இங்கே நிலவறையில் 40 நாள் தியானம் இருந்தார் என்பது வழிவழிச் செய்தி. சீக்கியர்களின் கிரந்தத்தில் அவருடைய பாடல்கள் உண்டு. அதுமுதல் ஹிந்துஸ்தானத்து யாத்திரிகர்கள் தங்கும் இடம் ஆயிற்று. 1967 யுத்தத்தில் குண்டு விழுந்து சேதமானதைத் திரும்பக் கட்டினார்கள். முற்றத்தில் உட்கார்ந்தபோது, 1917-ல் ஆலன்பி தம் அரசாங்கத்துக்கு அனுப்பிய தந்தியில் ஒரு வரி ஞாபகம் வந்தது. பொன் கோபுரத்தைச் சுற்றி இந்திய முஸ்லிம் சிப்பாய்களைக் காவல் வைத்திருப்பதாக அதில் சொன்னார். எங்கோ ஒரு கிராமத்திலிருந்து வந்த சிப்பாய், எவர்களுடைய பழைய சண்டைக்கோ அந்த முற்றத்தில் குளிரில் நின்றிருப்பார்.

இருட்டப் போகிறது. கல்லறைக் கோயிலுக்குத் திரும்புவோம். யாத்திரிகர்கள் கலைந்துவிட்டார்கள். கதவைச் சாத்துகிறார்கள். மேல் பூட்டுக்குக் கை எட்டாது. ஆகவே சிறிய ஏணி ஒன்று வைத்து, நுசைபே குடும்பத்துக்காரர் ஏறிப் பூட்டுகிறார். இறங்கிக் கீழ்ப் பூட்டைப் பூட்டுகிறார். பிறகு கதவில் உள்ள ஒரு சின்னத் திட்டிவாசல் திறக்கிறது. உள்ளேயிருந்து ஒரு சந்நியாசி கை நீட்டுகிறார். ஏணி உள்ளே போகிறது. காலையில் திறக்க வேண்டுமென்றால் உள்ளே இருப்பவர் ஏணியைக் கொடுக்க வேண்டும். வெளியே இருப்பவர் சாவியைக் கொண்டுவர வேண்டும். திட்டிவாசலும் சாத்தியாயிற்று. சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். நமக்கும் பசி வந்துவிட்டது. வாருங்கள், கடை வீதி இன்னும் திறந்திருக்கும்.